பெரிய பருப்பும் சின்னப் பருப்பும்

டிஸ்கி: அடியேன் படிச்சது பி.காம்., பாக்கிறது பேங்க் உத்தியோகம். பொட்டி தட்டறது நம்ம தொழில் இல்லை. விவரம் தெரிஞ்சவங்க குத்தம் குறை இருந்தாப் பொறுத்துக்குங்க. விவரமே வேண்டாம்கிறவங்க நடுவுல நாலஞ்சு பத்தியைத் தாண்டிக் குதிச்சு, அம்மா வர்ற இடத்துக்குப் போயிடலாம். :-)

மாத்தல் உத்தியோகத்துல இருக்கறவங்க வீட்டுல சாமான் லிஸ்ட் ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கும். எங்க வீட்டு லிஸ்ட்டுல கடைசி வரி இது: 'கம்ப்யூட்டர் (பழசு) 1, வேலை செய்யாது.' ராய்ப்பூர்ல இருந்து நாக்பூர் வந்தப்ப சாமான் கட்ட வந்த பையன் அந்த 17 இஞ்ச் மானிட்டரைத் தூக்கிப் பாத்துட்டு, "சார், இது நிஜமாவே வேணுமா?"ன்னு கேட்டான். தங்கமணி என்னைப் பாத்தாங்க. நான் அம்மாவைப் பாத்தேன். அம்மா ஜன்னலைப் பாத்தாங்க. பொட்டி லாரியில ஏறிடுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் வேலைக்குச் சேந்தது 2003ல, முதல் போஸ்டிங் ராஜ்கோட். ஒரு வருஷம் மெஸ் சாப்பாட்டுல மிச்சம் பிடிச்ச காசுல மாயவரத்துல அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தது இந்தப் பொட்டி. பென்டியம் 4, 256 எம்பி நினைவகம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்ப அது ராஜா. அப்பா மளிகைக் கடைக் கணக்கையெல்லாம் அதுல ஏத்தினார். 2007ல இன்னொரு 256 எம்பி போட்டுக் குடுத்தேன். 2016ல ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டுட்டுப் படுத்துடுச்சு. "புதுசு வாங்கித் தரேன்பா"ன்னேன். "இருக்கட்டும், பாப்போம்"னுட்டார். அதுக்கப்புறமும் தினம் காலையில அதுமேல இருக்கற உறையை எடுத்து, துடைச்சு, திரும்ப மூடுவாராம். வேலை செய்யாத பொட்டியை எதுக்குங்க துடைக்கணும்? பையனோட முதல் சம்பாத்தியம், அவ்வளவுதான் விஷயம். 2018ல அப்பா போயிட்டார். மறு வருஷம் வீட்டைக் காலி பண்ணி அம்மாவை எங்களோட அழைச்சிட்டு வந்துட்டோம். பொட்டியும் கூடவே வந்துடுச்சு.

இப்ப 2025 தீபாவளிக்கு வருவோம். வீடு ஒழிக்கறப்ப தங்கமணி அல்டிமேட்டம் குடுத்துட்டாங்க: "ஒண்ணு இது வேலை செய்யணும், இல்ல பங்கார்காரன் கிட்டப் போகணும்." பங்கார்னா இங்க பழைய இரும்புக் கடை. அந்த மாசம் 14ஆம் தேதிதான் விண்டோஸ் 10க்கே ஆதரவு முடிஞ்சுபோய், நல்லா ஓடற பொட்டியெல்லாம் குப்பைக்குப் போகுதேன்னு பேப்பர்ல புலம்பிட்டு இருந்தாங்க. நம்ம பொட்டியில இருந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8லயே பால் ஊத்தியாச்சு. நான் என்னத்தைப் பேசறது?

அம்மாதான் மூலையில இருந்து சொன்னாங்க, "டேய், அதை மாவ்ஷி பொண்ணுக்குச் சரி பண்ணிக் குடேன்டா."

மாவ்ஷின்னா எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்ற அம்மா. மராத்தியில சித்தின்னு அர்த்தம். அவங்க பொண்ணு பன்னிரண்டாவது முடிச்சிட்டு, மாநிலத் தேர்வு மன்றம் நடத்தற கணினித் தட்டச்சுப் பரீட்சைக்குப் படிக்குது. ஆங்கிலம், நிமிஷத்துக்கு 30 வார்த்தை. அந்தச் சான்றிதழ் இருந்தா கிளார்க் வேலைகளுக்கு விண்ணப்பம் போடலாம். இன்ஸ்டிட்யூட்ல ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பொட்டி கிடைக்கும். வீட்டுல பழக வழியில்லை. ஒரு தடவை எழுதி, வேகம் போதாம நின்னுடுச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா கல்யாணப் பேச்சை எடுத்துடுவாங்கன்னு மாவ்ஷி அம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க. என்கிட்ட யாரும் சொல்லலை. அம்மாவுக்கு இந்தி பத்து வார்த்தை தெரியும், மராத்தி அதுல பாதி. எப்படித்தான் இவ்வளவு விஷயம் பேசினாங்களோ!

சரி, இறங்கிட்டேன். 2005ல ராஜ்கோட்ல தனியாக் கிடந்தப்ப ஒரு பத்திரிகையோட வந்த சிடியில லினக்ஸ் பழகினது ஒண்ணுதான் நம்ம தகுதி. பர்டி பஜார் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில அதே மாதிரி 40 ஜிபி டிஸ்க் கிடைச்சுது. மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், தேதி 2002னு காட்டிட்டு இருந்துச்சு. வாட்ச் கடையில 2032 நம்பர் பட்டன் செல் வாங்கிப் போட்டு, தேதியைச் சரி பண்ணினேன். தேதி தப்பான லெட்ஜரை நம்பக் கூடாது பாருங்க.

போட்டது டெபியன் 12. ஏன் 12னா, 2025 ஆகஸ்டுல வந்த 13ல 32 பிட் பொட்டிகளுக்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல தொடங்கினதே 386 பொட்டிக்காகத்தான். அந்த 386ஐயே 2013ல வந்த 3.8 பதிப்புல கழட்டி விட்டுட்டாங்க. வயசானா எல்லாருக்கும் அதுதான் கதி. பென்டிரைவ்ல இருந்து கிளம்ப நம்ம பொட்டிக்குத் தெரியாது. காம்போ டிரைவ் டிவிடி படிக்கும்கறதால, ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட டிவிடி ரைட்டர் கடன் வாங்கி எழுதிப் போட்டேன்.

ஏறிடுச்சு. ஆனா பட்டனை அமுக்கினா, திரை வர மூணு நிமிஷம். அதுக்கப்புறமும் எருமை தண்ணியில நடக்கற மாதிரி ஒரு நடை.

அங்கதான் கெர்னலைக் குறைக்கற யோசனை வந்தது. கெர்னல்னா கொட்டைக்குள்ள இருக்கற பருப்பு. வன்பொருளுக்கும் நம்ம நிரல்களுக்கும் நடுவுல நின்னு எல்லாத்தையும் மேய்க்கிற பகுதி. டெபியன் குடுக்கற பருப்பு ஊருக்கே சமைச்ச கல்யாணப் பருப்பு. உலகத்துல எந்தப் பொட்டியில போட்டாலும் ஓடணும்னு எல்லா டிரைவரையும் கட்டி அனுப்பியிருப்பாங்க. நமக்குத் தேவை ஒரு கரண்டி. "பருப்பைக் குறைக்கப் போறேன்"னு சொன்னதும் அம்மா, "குறைச்சா சாம்பார் தண்ணியாப் போயிடும்டா"ன்னாங்க. அப்ப சிரிச்சேன். பிறகு சிரிக்கலை.

இதுக்குக் கம்ப்யூட்டர் மூளை வேணும்னு பயப்படாதீங்க. கெர்னலோட மூலத்தை இறக்கிட்டு 'மேக் மெனுகான்ஃபிக்'னு அடிச்சா நீல நிறத்துல ஒரு பட்டியல் வரும். கேள்வி, அதுக்கு எதிர்ல ஒரு கட்டம். பதில் மூணே மூணுதான். ஒய்னா பருப்போடயே சேத்துடு. எம்னா தனி மாட்யூலா டிஸ்க்குல வை, வேணும்கறப்ப ஏத்திக்கலாம். என்னா வேண்டவே வேண்டாம். நாங்க வருஷா வருஷம் பாக்கற ஆடிட் கேள்வித்தாள் மாதிரியேதான். என்ன, இதுல கேள்வி பத்தாயிரத்துக்கு மேல!

எல்லாத்துக்கும் உக்காந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறுக்கு வழி 2009ல இருந்தே இருக்கு. பழைய பொட்டியை டெபியனோட சொந்த கெர்னல்ல ஓடவிட்டு, 'எல்எஸ்மாட்'னு கேட்டா இப்ப எந்தெந்த மாட்யூல் வேலையில இருக்குன்னு பட்டியல் தரும். அதை ஒரு கோப்புல பிடிச்சு, பென்டிரைவ்ல என்னோட புது லேப்டாப்புக்குக் கொண்டு வந்து, 'லோக்கல்மாட்கான்ஃபிக்'கிட்டக் குடுத்தா, பட்டியல்ல இல்லாத மாட்யூல் எல்லாத்துக்கும் 'என்' போட்டுடும். ஒரு எச்சரிக்கை: பட்டியல் எடுக்கற நேரத்துல, பின்னாடி உபயோகிக்கப் போற எல்லாத்தையும் செருகி, ஒரு தடவை ஓட்டி வைக்கணும். ஆஜர் பட்டியல் எடுக்கறப்ப லீவுல போனவன் பேர் விட்டுப்போற மாதிரி, செருகாத பிரிண்டர் விட்டுப்போகும்.

கெர்னலைக் கட்டற வேலையைப் பழைய பொட்டியில செய்யாதீங்க, மணிக்கணக்குல ஓடும். புது லேப்டாப்புலயே 32 பிட்டுக்குன்னு சொல்லிக் கட்டலாம். எனக்குக் கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. முதல் தடவை மட்டும் ஏதோ சான்றிதழ் கோப்பைக் காணோம்னு நின்னுடுச்சு. டெபியனோட கான்ஃபிக்ல அவங்க சான்றிதழ் பேர் எழுதியிருக்கும், அது நம்மகிட்ட இருக்காது. அந்த வரியைக் காலியா விட்டா ஓடும்.

குறுக்கு வழி முடிஞ்சதும் கைக் களையெடுப்பு. அதுதான் சுகமே! பிராசசர் எது? பென்டியம் 4. ஒண்ணுக்கு மேல பிராசசர் இருக்கா? என். ஹை மெமரி ஆதரவு வேணுமா? ஏறக்குறைய 900 எம்பிக்கு மேல நினைவகம் இருந்தாத்தான் அது வேணும். நம்மகிட்ட இருக்கறது 512. என். அமெச்சூர் ரேடியோ? என். இன்ஃபினிபேண்ட்? பேரே கேள்விப்படலை, என். வைஃபை, புளூடூத், டிவி டியூனர், ஜாய்ஸ்டிக்? என், என், என், என். அமிகா கோப்பு முறையாம், மெக்கின்டோஷ் சாதனமாம். அம்மாடி! ஒவ்வொரு என் போடறப்பவும் லோன் அப்ளிகேஷனை நிராகரிக்கற மேனேஜர் மாதிரி ஒரு மிதப்பு வந்துச்சு. 'நீ என்ன பெரிய பருப்பா?'ன்னு கேட்டுக்கிட்டே தட்டினேன். 'இனிட்ஆர்டி'ன்னு ஒண்ணு வந்துச்சு, அதுக்கும் என். அங்கதான் சனி பிடிச்சது.

புதுப் பருப்பைப் பழைய பொட்டியில ஏத்தி, பட்டனை அமுக்கினேன். நாலஞ்சு வரி ஓடிச்சு. 'கெர்னல் பேனிக், ரூட் கோப்பு முறையை ஏத்த முடியலை'ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வந்து அப்படியே நின்னுடுச்சு. கீபோர்டுல இருக்கற விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியுது.

அம்மா எட்டிப் பாத்துட்டு, "என்னடா, கண்ணடிக்குது?"ன்னாங்க.

விஷயம் என்னன்னா, டிஸ்க் டிரைவருக்கும், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைக்கும் பதில் 'எம்'. அதாவது, மாட்யூலா டிஸ்க்குல இரு, வேணும்கறப்ப கூப்பிடறேன். ஆனா டிஸ்க்கைப் படிக்கவே அந்த மாட்யூல்தானே வேணும்? ஸ்ட்ராங் ரூம் சாவியை ஸ்ட்ராங் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டின கதை. சாதாரணமா இனிட்ஆர்டிங்கற ஒரு தற்காலிகப் பெட்டி, அவசரத்துக்கு வேண்டிய மாட்யூல்களைச் சுமந்துட்டு கெர்னலோடயே நினைவகத்துக்கு வந்து, கதவைத் திறந்து விடும். அதைத்தான் நான் மிதப்புல என்னு தட்டியிருந்தேன். மருந்து ரெண்டு. இனிட்ஆர்டியைத் திரும்பச் சேக்கலாம். இல்லேன்னா, கிளம்பறதுக்கு வேண்டியதை எல்லாம் 'ஒய்' ஆக்கி பருப்போடயே சேத்துடலாம். 'லோக்கல்யெஸ்கான்ஃபிக்'னு அடிச்சா பட்டியல்ல இருக்கறதை அதுவே ஒய் ஆக்கிடும். நான் ரெண்டாவதைச் செஞ்சேன். மறக்காதீங்க, பழைய கெர்னலை அழிக்கக் கூடாது. கிளம்பற பட்டியல்ல அதுவும் இருக்கணும். திரும்பி வர வழி வச்சுக்கிட்டுத்தான் சோதனை எல்லாம்.

ரெண்டாவது முயற்சியில பொட்டி எழுந்துடுச்சு. கெர்னல் கோப்பு அஞ்சு எம்பிக்குப் பக்கம். டிஸ்க்குல சில நூறு எம்பி பிடிச்சிட்டு இருந்த மாட்யூல் மூட்டை இல்லை. வேண்டாத சேவைகளை நிறுத்தி, ஐஸ்டபிள்யூஎம்னு ஒரு சின்ன ஜன்னல் நிர்வாகியையும் வச்சதுல, திரை வர ஒரு நிமிஷம் இருபது செகண்டுதான். எல்லாமே கெர்னல் புண்ணியம்னு சொன்னா அது பொய். பாதிக்குப் பாதி இந்தச் சில்லறை வேலைகளாலதான். இருந்தாலும் குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டினேன். தங்கமணி "பரவாயில்லையே"ன்னாங்க. பொண்ணு கைதட்டினா. "பாட்டி, நீங்க தட்டிப் பாருங்க"ன்னு சொல்லி அம்மாவை நாற்காலியில உக்கார வச்சுட்டா.

அம்மா உக்காந்தாங்க. முதுகு நேராச்சு. மணிக்கட்டு மேல எழும்பிச்சு. இடது கை நாலு விரலும் ஏ, எஸ், டி, எஃப் மேல, வலது கை நாலு விரலும் செமிகோலன், எல், கே, ஜே மேல. கீழ குனிஞ்சு பாக்காமயே.

நான் வாயைப் பிளந்துட்டேன். "அம்மா?"

"ஹையர் பாஸுடா நான். அந்தக் காலத்துல."

நம்ம ஊர்ல லோயர், ஹையர்னு டைப்ரைட்டிங் பரீட்சை உண்டுன்னு உங்களுக்கும் தெரியும். எஸ்எஸ்எல்சி முடிச்சதும் பொண்ணுங்களைத் தெருமுனை இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பறது வழக்கம். ஹையர்னா நிமிஷத்துக்கு 45 வார்த்தை. ரிசல்ட் வந்த மாசத்துலயே அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். அதுக்கப்புறம் மெஷினைத் தொட்டதே இல்லை. நாப்பத்தாறு வயசுல இதை இப்பத்தான் கேள்விப்படறேன். எங்க பேங்க்ல ஒரு கணக்கு தொடங்கறவர்கிட்டக்கூட இதைவிட அதிகமாக் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்.

அம்மா தட்டினாங்க. ஒண்ணும் வரலை. திரும்பத் தட்டினாங்க. ஊஹூம். மவுசும் அசையலை.

"எனக்கு வராதுடா இனிமே"ன்னு எழுந்துட்டாங்க.

"உனக்கு வராம இல்லைம்மா, பொட்டிக்குக் கேக்கலை"ன்னேன். அவங்க நம்பலை. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

ராத்திரி ஒரு மணி வரைக்கும் மண்டையை உடைச்சிக்கிட்டேன். வேடிக்கை என்னன்னா, கறுப்புத் திரையில கீபோர்டு ஒழுங்கா வேலை செய்யுது. ஜன்னல்கள் வந்துட்டா மட்டும் கல்லு. கடைசியில பிடிபட்டுது. களையெடுக்கறப்ப 'ஈவென்ட் இன்டர்ஃபேஸ்'னு ஒரு வரி வந்துச்சு. ஈவென்ட்னா விசேஷம்தானே, நம்ம வீட்டுல என்ன விசேஷம் நடக்கப்போகுதுன்னு என் போட்டுட்டேன். அவ்வ்வ்! கீபோர்டு, மவுசுல நடக்கற ஒவ்வொரு தட்டலையும் அசைவையும் ஜன்னல் பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்கற வழி அதுதானாம். தமிழ்ல சொன்னா, விரலும் நல்லா இருக்கு, கீபோர்டும் நல்லா இருக்கு, திரையும் நல்லா இருக்கு. ஒருத்தர் தட்டறது இன்னொருத்தருக்குக் கேக்க நடுவுல ஆள் இல்லை.

அதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். 2019ல மாயவரம் வீட்டைக் காலி பண்ணினப்ப, அம்மா பக்கத்துல உக்காந்து லிஸ்ட் போட்டவன் நான்தான். ஆட்டுக்கல் வேணுமா? வேண்டாம். தையல் மிஷின்? வேண்டாம். திண்ணையில சாயங்காலம் கூடற நாலு பேரை நான் லிஸ்ட்டுலயே எழுதலை, அதெல்லாம் சாமானாங்க? பதில் சொன்னது எல்லாம் நான். அம்மா தலையாட்டினாங்க. ஆறு வருஷமா அம்மா ராய்ப்பூர்லயும் நாக்பூர்லயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஜன்னல் பக்கம் உக்காந்திருக்காங்க. சுகர், பிரஷர் எல்லாம் கட்டுக்குள்ள. நல்லா இருக்காங்கன்னுதான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்.

அந்த வரிக்கு ஒய் போட்டு, திரும்பக் கட்டி, ஏத்தி வச்சிட்டுப் படுத்தேன்.

காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே கூடத்துல சத்தம். கடகடன்னு, பழைய கீபோர்டுக்கே உரிய அந்தச் சத்தம். எழுந்து போய்ப் பாத்தா, அம்மா. திரையில ஏஎஸ்டிஎஃப், செமிகோலன் எல்கேஜே வரிவரியா ஓடுது. நாலாவது வரியில ஒரு எழுத்து தப்பு. நாக்கைக் கடிச்சிட்டு அந்த வரியை முதல்ல இருந்து அடிக்கறாங்க.

பொட்டியை ஆட்டோல ஏத்தி மாவ்ஷி வீட்டுக்கு அனுப்பறதாத்தான் ஏற்பாடு. போய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சது, ஒத்தை ரூம்ல அஞ்சு பேர், அந்த மானிட்டரை வைக்க இடமில்லை. அதனால பொண்ணே இங்க வருது. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும். தட்டச்சு பழக 'கிளவாரோ'ன்னு ஒரு இலவச நிரல் போட்டு வச்சிருக்கேன். இணையம் கிடையாது. இந்த வயசுல அந்தப் பொட்டியை ஊர் சுத்த விடறதுல பேங்க்காரனுக்குச் சம்மதமில்லை. நிரல் ஒண்ணு கத்துக் குடுக்குது. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, கையில ஸ்கேல் வச்சிக்கிட்டு இன்னொண்ணு கத்துக் குடுக்குது. "நீச்சே மத் தேக்கோ!" அந்தப் பொண்ணு "ஹோ, ஆஜி"ன்னு சிரிச்சிட்டே தலையை நிமிர்த்தும்.

போன வாரம் 27 வார்த்தை வந்துதாம். முப்பதைத் தொடணும், தப்பில்லாமத் தொடணும். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு. அம்மா காலண்டர்ல கோடு போட்டுட்டு வராங்க.

போன ஞாயித்துக்கிழமை சாமான் லிஸ்ட்டை எடுத்து அந்தக் கடைசி வரியில 'வேலை செய்யாது'ங்கறதை அடிச்சேன். பக்கத்துல இருந்த தங்கமணி, "அடுத்த மாத்தலுக்கும் இது வருமா?"ன்னு கேட்டாங்க.

"அம்மாவைக் கேளு"ன்னுட்டேன். இந்தத் தடவை பதில் அவங்களே சொல்லட்டும்.